பூட்டிக்கொண்ட கணினியை வெளியிலிருந்து திறத்தல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவருகிறேன். கடைக்கு வரும் புகார்களில் இன்றும் என்னை உட்கார்ந்து யோசிக்கவைப்பது ஒன்றுதான். வீட்டுக் கணினியை ஏதோ ஒன்று பூட்டிக்கொண்டுவிட்டது, எதை அழுத்தினாலும் திறக்கவில்லை, அழித்தாலும் மறுநாள் வந்து நிற்கிறது என்பார்கள். அந்த ஏதோ ஒன்றைத் தீநிரல் என்று எழுதுகிறோம், வைரஸ் என்று பேசுகிறோம். இந்த உரையில் இரண்டு சொல்லும் வரும்.

பூட்டு என்றாலும் எல்லாப் பூட்டும் ஒரே வகை அல்ல. திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, "உங்கள் கணினி முடக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால், பெரும்பாலும் அது இணைய உலாவியில் விரிந்த வெறும் ஒரு பக்கம். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தாலே பல நேரங்களில் திரை சுருங்கிவிடும். சுருங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்டுத் தரட்டுமா என்று உலாவி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரையில் வந்த எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். வாசலில் நின்ற திருடனை நாமே அழைத்துவந்து கூடத்தில் உட்காரவைப்பது அப்போதுதான்.

உண்மையாகவே பூட்டிக்கொண்ட கணினியின் கதை வேறு. 2010ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் கணினியின் பெட்டியை, நம் ஊரில் எல்லோரும் சி.பி.யு. என்று சொல்லும் அந்தப் பெட்டியை, துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். "தம்பி, உள்ளே முப்பத்தெட்டு வைரஸ் இருக்கிறதாம், டாலரில் பணம் கட்டினால்தான் எடுப்பார்களாம்" என்றார். "யார் சார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். "அதுவே சொல்கிறது" என்றார்.

இணைத்துப் பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பி திறந்தவுடன், கேடயச் சின்னத்துடன் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போன்ற ஒன்று தானே ஓடத் தொடங்கி, கிருமிகளை எண்ணிக் காட்டியது. நோய்தான் அங்கே வைத்தியர் வேடத்தில் வந்திருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் கிருமி இருப்பதாகச் சொல்லி மூடிவிட்டது. உண்மையான வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையும் அப்படியே மூடியது. சலித்துப்போய்க் கூட்டல் கழித்தல் செய்யும் கால்குலேட்டரைத் திறந்தேன், அதிலும் கிருமி. சார் சிரித்துவிட்டார்.

அக்காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. இந்தப் போலி வைத்தியர் எதையும் ஓடவிட மாட்டார், ஆனால் உலாவியை மட்டும் விட்டுவைப்பார், ஏனென்றால் பணம் கட்டுவதற்கு உலாவி வேண்டும். எனவே தீநிரலை நிறுத்தும் கருவிக்கு உலாவியின் பெயரையே சூட்டி ஓடவிட்டேன்; ஏமாந்துபோனது. கோப்பை அழித்துவிட்டு, வெற்றிபெற்ற பெருமையில் சாருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். மறுபடி இயக்கியபோது அதே கேடயம், அதே முப்பத்தெட்டு. உள்ளே இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று கண்காணித்திருக்கின்றன. ஒன்றை அழித்தால் மற்றொன்று அதை மறுபடி எழுதிவிடும்.

மாலை ஆறு மணிக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, என் கடைக் கணினியில் இரண்டாவது வட்டாக மாட்டி, என் விண்டோஸிலிருந்து அதைச் சோதித்தேன். அங்கே அந்த வைத்தியருக்கு உயிரே இல்லை, வெறும் கோப்பாகக் கிடந்தார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. முடிந்தது என்றா சொன்னேன்? வட்டைத் திரும்ப மாட்டியபோது அந்தக் கணினியில் எந்த மென்பொருளும் திறக்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியாகவே திறக்க வேண்டும் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் அது எழுதிவைத்திருந்தது. அது போனபின் வழியும் அடைபட்டுவிட்டது. அந்த வரியைத் திருத்தி அனுப்பினேன். மூன்றாம் நாள் சார் மீண்டும் துண்டுடன் வந்தார். பேரனின் புகைப்படங்கள் இருந்த பென் டிரைவை அவர் செருகியிருக்கிறார்; இந்தப் போலியை இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும் இன்னொரு தீநிரல் அதில் குடியிருந்தது. செருகியவுடன் தானே ஓடும் வசதி எக்ஸ்பியில் அன்று இருந்ததால் அதற்கு நம் அனுமதிகூடத் தேவைப்படவில்லை. 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைப் பென் டிரைவுகளுக்கு நிறுத்தியது.

இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், என் மனைவிக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பீடிக்கப்பட்ட விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது நமக்குக் காட்டுவதெல்லாம் தீநிரல் அனுமதித்தது மட்டுமே. ஆகவே வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று வட்டைக் கழற்ற வேண்டியதில்லை. நோயற்ற வேறொரு கணினியில், மீட்பு வட்டு எனப்படும் இலவச மென்பொருளை ஒரு காலியான பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். காஸ்பர்ஸ்கி, டாக்டர் வெப் முதலிய நிறுவனங்கள் தருகின்றன. பூட்டிய கணினியை அணைத்து, அந்த டிரைவைச் செருகி, இயக்கியவுடன் எஃப்12 போன்ற விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்கட்டும் என்று அது கேட்கும். எந்த விசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் இயங்கும், விண்டோஸும் அதில் ஒளிந்திருப்பதும் உறங்கிக்கொண்டிருக்கும்போதே சோதனை நடக்கும்.

இதற்கு வழியில்லாதவர்களுக்குச் சேஃப் மோடு இருக்கிறது. உள்நுழையும் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட் வழியாகச் செல்ல வேண்டும். அதில் இன்றியமையாதவை மட்டுமே தொடங்கும் என்பதால் பல தீநிரல்கள் விழிக்காது. காவல்துறைச் சின்னத்துடன் அபராதம் கேட்டுத் திரையை மூடிய ரெவெட்டான் போன்றவை 2012 வாக்கில் பல நாடுகளை அலைக்கழித்தன. அந்த வகையில் சில, விண்டோஸின் முகப்புத் திரைக்குப் பதிலாகத் தம்மையே பதிவேட்டில் எழுதிவைத்ததால் சேஃப் மோடிலும் எழுந்து நின்றன. அப்போது கமாண்ட் பிராம்ப்டுடன், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையுடன், கூடிய சேஃப் மோடுதான் கைகொடுத்தது, ஏனென்றால் அது முகப்பையே அழைப்பதில்லை.

திரை திறந்தும் கோப்புகள் திறக்காவிட்டால் அது வேறு நோய். 1989 டிசம்பரில் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர் ஏறத்தாழ 20,000 ஃப்ளாப்பி வட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று நம்பிப் போட்டவர்களின் கணினி, தொண்ணூறு முறை இயக்கப்பட்டபின் கோப்புகளின் பெயர்களைக் குழப்பிவிட்டு, பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. கலைந்தது பெயர்கள் மட்டுமே, உள்ளிருந்தவை அப்படியே இருந்ததால், மீட்கும் நிரலை ஜிம் பேட்ஸ் என்பவர் எழுதிவிட்டார். பணம் கேட்டுப் பூட்டும் இத்தகைய தீநிரலை ரான்சம்வேர் என்பார்கள். இன்றைய ரான்சம்வேர் உள்ளடக்கத்தையே மறையாக்கம் செய்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. தீநிரலை நீக்கினாலும் கோப்புகள் திறக்காது. அதற்காக வட்டை உடனே ஃபார்மட் செய்துவிடவும் கூடாது. திருட்டு மென்பொருள்களோடு வீடுகளுக்குள் புகுந்த ஸ்டாப் என்ற வகை, தன் சர்வருடன் தொடர்பு கிடைக்காத நேரத்தில் பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியது. அப்படிப் பூட்டப்பட்டவற்றில் பலவற்றை எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி திறக்கிறது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் இத்தகைய கருவிகள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இன்று திறக்காத பூட்டுக்கு அடுத்த ஆண்டு சாவி வரலாம், எனவே மறையாக்கப்பட்ட கோப்புகளைத் தனி வட்டில் வைத்திருங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் வட்டையே மறையாக்கம் செய்து காக்கும் பிட்லாக்கர் வகை வசதி தானாகவே இயங்குவதால், வெளியிலிருந்து தொடங்குமுன் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். கணினி சுத்தமான பின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் வேறு கருவியிலிருந்து மாற்றலாம். காப்புப் பிரதிகளைப் பற்றித் தனியாகவே பேச நினைத்திருந்தேன், தலைமையாசிரியர் கதை அந்த நேரத்தைத் தின்றுவிட்டது. பிரதி எடுத்த வட்டைக் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வணக்கம்.