மெழுகுத்தாளில் பிறந்த சொல்

நண்பர்களே,

2020-இல் வந்த 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி' என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில், ஸ்பாக் என்ற கதாபாத்திரம் பிறந்த வல்கன் கிரகத்துக்கு 'நிவார்' என்று புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு மூலம் ஒரு ரசிகை. 1967-இல் நியூயார்க்கில் தேவ்ரா லாங்சாம், ஷெர்னா காமர்ஃபோர்ட் இருவரும் கொண்டுவந்த 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் பத்திரிகையின் முதல் இதழில், டோரத்தி ஜோன்ஸ் எழுதிய கவிதையோடு வந்தது அது. ஒன்றின் இரு வடிவங்களை எதிரெதிரே நிறுத்திப் பாடும் வல்கன் கவிதை முறைக்கு அவர் வைத்த பெயர். ஸ்டார் டிரெக்குக்கென்றே வெளிவந்த முதல் ரசிகர் பத்திரிகை இதுதான். ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோயின் கடிதமும் அந்த இதழில் உண்டு.

இப்படிப்பட்ட பத்திரிகைகள் அச்சான விதத்தைச் சொல்கிறேன். நம் அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் என்றார்களே, அதே இயந்திரம்தான். தட்டச்சுப் பொறியின் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் வெறும் எழுத்தால் அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும்; அந்த வழியாகத்தான் மை இறங்கும். ஓங்கி அடித்தால் 'o' எழுத்தின் நடுவட்டம் பிய்ந்து விழுந்து, தாளில் கரும்புள்ளியாக நிற்கும். மெதுவாக அடித்தால் எழுத்தே தெரியாது. எழுத்துகளின் இடுக்கில் மெழுகு அடைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஒருமுறை தூரிகையால் துடைத்தால்தான் 'e' தெளிவாக விழும்.

பிழை வந்தால்? ஸ்டென்சிலுக்கும் அதன் கீழிருக்கும் அடித்தாளுக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகித் தூக்கி நிறுத்தி, திருத்தும் திரவத்தை மெல்லிசாகத் தடவி, காய்ந்த பிறகு மேலே அடிக்க வேண்டும். பென்சிலை மறந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். ஓர் எழுத்தை இப்படித் திருத்தலாம், ஒரு பத்தியைத் திருத்த முடியாது. அதனால் கதையைச் செப்பனிடும் வேலை முழுவதும் ஸ்டென்சில் ஏறுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். நல்ல ரசிகர் பத்திரிகைகளின் தரத்துக்கு இந்தக் கட்டாயம் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மை எண்ணெய் கலந்தது, சீக்கிரம் காயாது. வழவழப்பான தாள் கூடவே கூடாது. மையை உறிஞ்சும் சொரசொரப்பான தாள்தான் வேண்டும். அப்படியும் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதற்காக ஒவ்வொரு தாள் விழும்போதும் நடுவே ஒரு பழைய தாளை இன்னொருவர் போட்டுக்கொண்டே இருப்பார். மறுபக்கம் அடிப்பதற்கு ஓர் இரவாவது காயவிடுவது நல்லது.

90 பக்க இதழில் 300 பிரதி என்று வையுங்கள். பிரதிக்கு 45 தாள், மொத்தம் 13,500. மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும். சேதத்துக்கென்று ஆரம்பத்திலேயே கூடுதலாகப் பத்து இருபது அடித்து வைக்காவிட்டால், ஒரு பக்கம் குறைந்ததாலேயே பல பிரதிகள் வீணாகும். 45 தாளைச் சாதாரண ஸ்டேப்ளர் துளைக்காது. நீளக் கால் பின் போடும் கனத்த ஸ்டேப்ளரால் இடது ஓரத்தில் மூன்று இடத்தில் அடித்தால் கட்டு நிற்கும்.