கயிறு பிடிக்கிறவர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவர் அவர்களே, சபை மன்றத்தாரே, தாய்மார்களே, பெரியோர்களே, வாலிபத் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை மிஷனெரி ஞாயிறு என்று ஒதுக்கி, அன்று ஒரு சிறப்புக் காணிக்கை எடுத்து, பணித்தளப் படங்களைப் பார்த்து உருகி, மறுவாரம் சுற்றுச்சுவர்க் கணக்குக்குத் திரும்பிவிடுகிற பழக்கம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. மிஷனெரிப் பணியைச் சபை ஏன் தாங்க வேண்டும், எப்படித் தாங்க வேண்டும் என்ற இரண்டையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முதற்கேள்விக்கு இங்கே அமர்ந்திருக்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். நாம் தவறுவதெல்லாம் இரண்டாவதில்தான் என்பது என் எண்ணம். ஆகையால் முன்னதைச் சுருக்கிப் பின்னதைச் சற்று விரிக்க உத்தரவு கேட்கிறேன்.

நாம் அனுப்பப்பட்டவர்களால் உண்டான சபை. 1780-இல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் வெறும் நாற்பது. அந்தச் சிறு கூட்டத்துக்காகக் குளோரிந்தா அம்மையார் முன்நின்று எழுப்பிய ஆலயம் 1785-இல் முடிந்தது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அனுப்பிவைத்த உபதேசியார் சத்தியநாதன் இங்கே வந்து அந்த மந்தையை மேய்த்தார். யாரோ எங்கோ ஒருவரை வழியனுப்பினார்கள். அதனால் நம் முன்னோர் காதில் வார்த்தை விழுந்தது. "அனுப்பப்படாவிட்டால் எப்படிப் பிரசங்கிப்பார்கள்?" என்று ரோமருக்கு எழுதின பவுல், அதே நிருபத்தின் தொடக்கத்தில் தன்னைக் கடனாளி என்றே சொல்லிக்கொள்கிறார். கடன் என்று வந்த பிறகு, தர்மம் என்று அதற்குப் பெயரிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை.

இந்தக் கடனை நம்மவர்கள் உணர்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1902-இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் தங்களுள் ஒருவரை வெளியிடத்துக்கு ஊழியத்துக்கென அனுப்பித் தாங்கிவருவதைக் கண்டார். அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை, வெளிநாட்டுச் சங்கங்கள் தருவதைப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த உறுத்தலோடு ஊர் திரும்பியவர், மறு ஆண்டே, அதாவது 1903-இல், பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆட்களும் பணமும் நிர்வாகமும் நம்முடையவையாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தார் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

1904-இல் சாமுவேல் பாக்கியநாதன் என்பவரை இன்றைய தெலங்கானாவில், அன்று ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். மொழி தெலுங்கு, உணவு, உடை, வழக்கம் எல்லாமே வேறு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1909-இல், செயலாளராக இருந்து பிறரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா தாமே குருப்பட்டம் பெற்று அதே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றதை நாம் விழாக்களில் சொல்லுகிறோம். அதற்கு முந்தின வரியை, அனுப்பினவரே புறப்பட்டுப் போனார் என்பதை, ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறோம். இப்போது இருக்கிற மிஷனெரிக் கமிட்டிக்காரர்களுக்கு அந்த வரி சற்று அசௌகரியமாக இருக்கலாம். நானும் ஒரு கமிட்டியில் இருந்தவன்தான்.

இனி எப்படி என்பதற்கு வருகிறேன். 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில், ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கூடி ஒரு மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதிகளின் மொத்தம் பதின்மூன்று பவுன், இரண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ். அந்தச் சீட்டுகளைப் போட்டுவைத்தது ஆண்ட்ரூ புல்லர் என்பவரின் மூக்குப்பொடி டப்பியில். வில்லியம் கேரி இந்தியாவுக்கு வந்ததற்கு ஆதாரமாக இருந்த முதல் நிதி அதுதான். அந்தப் புறப்பாட்டைப் பற்றிப் புல்லர் பிற்பாடு ஓர் உவமை சொன்னார்: யாரும் இறங்கிப் பார்த்திராத ஆழமான சுரங்கத்துக்குள், நீங்கள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வதானால் நான் இறங்குகிறேன் என்று கேரி சொன்னது போல இருந்தது என்று.

சுரங்கம் நமக்குப் பழக்கமில்லை; கிணறு பழக்கம். தேரிக்காட்டு ஓரத்துக் கிராமங்களில் கிணறு தோண்ட ஆளை இறக்கினவர்கள், நடுவில் காப்பி குடிக்கப் போனாலும் ஒருவராவது கயிற்றருகே நிற்பார்கள். ஆள் மேலே ஏறி வந்த பிறகுதான் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். புல்லர் கயிற்றைப் பிடித்தது அப்படித்தான். தம்முடைய சபையையும் மேய்த்துக்கொண்டு, சங்கத்தின் செயலாளராக, ஸ்காட்லாந்து வரை பலமுறை அலைந்து பணம் சேர்த்தார். 1815-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. கேரியின் பெயரைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குப் புல்லரின் பெயர் தெரியும்?

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். மிஷனெரிக்கு வேண்டியது மாதாந்திரச் சம்பளம். நாம் கொடுப்பதோ பண்டிகைக் காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற நாம், ஜூன் மாதத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதை நினைப்பதில்லை. இதற்கு மாற்றாக நம் தாய்மார்கள் அறிந்த வழி பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பதற்குப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. சமைக்கிற வீடாக இருந்தால் போதும். மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய இந்த வழக்கத்தை இன்றுவரை விடாமல் காத்து, அதன் வருவாயில் ஊழியர்களைத் தாங்கிவருகிறார்கள். எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்த சாறிபாத்து விதவையின் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். ஒரு பெரிய மனிதர் கொடுக்கிற லட்சத்தைவிட, முந்நூறு வீட்டுக் கலயங்களை நான் அதிகமாக நம்புகிறேன். ஏனென்றால் பெரிய மனிதருக்கு மனஸ்தாபம் வந்தால் லட்சம் நின்றுபோகும்.

ஆனால் பணத்தோடு நின்றுவிட்டால் அது கயிறு ஆகாது. பிலிப்பி சபையாருக்கு எழுதும்போது பவுல், கொடுக்கல் வாங்கலில் தன்னோடு பங்குகொண்டவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லுகிறார். கொடுக்கல் வாங்கல் என்பது நம் ஊரில் கடைக்காரரும் சம்பந்தக்காரரும் பேசுகிற வார்த்தை. அதில் இருபக்கமும் உண்டு. அந்தச் சபையார் பணத்தை மட்டும் அனுப்பவில்லை. எப்பாப்பிரோதீத்து என்ற ஓர் ஆளையே பவுலிடம் அனுப்பினார்கள். அவர் அங்கே வியாதிப்பட்டு மரணத்தறுவாய்வரை போனார். அந்தச் செய்தி கேட்டு ஊரில் கலங்கினார்கள். அவர்கள் கலங்கினதைக் கேட்டு அவர் வியாகுலப்பட்டார். ஒரு காணிக்கைக்குப் பின்னால் இத்தனை போக்குவரத்து இருந்தது.

நம்மிடம் என்ன நடக்கிறது? பல ஆண்டுகளுக்கு முன் நான் பொருளாளராக இருந்த ஒரு சபையில், பொறுப்பை ஒப்படைக்கும்போது அங்கி அறை அலமாரியைத் துப்புரவு செய்தேன். நாங்கள் தாங்கிவந்த மிஷனெரி எழுதின பதினோரு கடிதங்கள் உறை பிரிக்கப்படாமல் கிடந்தன. பணம் மாதந்தோறும் தவறாமல் போயிருந்தது, ரசீதும் இருந்தது. அவற்றுள் ஒன்றில் தம் மனைவிக்கு நடக்கவிருந்த அறுவைச் சிகிச்சைக்காக ஜெபிக்கும்படி அவர் கேட்டிருந்தார். நான் அதைப் படித்தபோது அந்த அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த அலமாரிக்கு அப்போது சாவி வைத்திருந்தவன் நானேதான்.

கடிதத்தின் வலிமையை அறிந்தவர்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்களை அவர்கள் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டுப் பரப்பினார்கள். தமிழ்நாட்டின் பெயரையே கேட்டிராத மக்கள், தரங்கம்பாடித் தெருக்களில் நடந்த உரையாடல்களை வாசித்து, காணிக்கை அனுப்பினார்கள். வாசித்ததால் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கணக்கைப் பற்றி ஒரே வார்த்தை. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைப் பவுல் உடன் அழைத்துக்கொண்டார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால், கணக்குக் கேட்பதை நாம் அவமதிப்பாக எண்ண வேண்டாம்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம்?" என்பது. அனுப்புகிறவர்கள் எண்ணிக்கை கேட்டால், போனவர் எண்ணிக்கை தேடத் தொடங்குவார். அங்கிருக்கும் மனிதர்கள் அவர் கண்ணுக்குத் தலைக்கணக்காகிவிடுவார்கள். 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டு மேடையில், மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் போற்றிப் பேசிய அசரியா, இறுதியில் "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அன்று அந்த வார்த்தை வெள்ளைக்காரர்களுக்குச் சுட்டது. இன்று வடக்கே மலைக்கிராமங்களுக்கு ஆள் அனுப்புகிற நமக்கும் அது சுட வேண்டும். அந்த மக்களின் வறுமையைப் படம் பிடித்து நம் ஆலயத் திரையில் காட்டிப் பணம் சேர்க்குமுன், அதே படத்தில் நம் வீட்டுப் பிள்ளை இருந்தால் காட்டுவோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மன்றத்தாரிடம் நான் முன்வைத்த மூன்று கோரிக்கைகளை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆராதனை முடிந்தபின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாசலில் மண்கலயங்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அறிவிப்புகளுக்கு முன், மிஷனெரியின் கடிதம் முழுவதும் வாசிக்கப்படும்; வாசித்த வாரமே ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பதில் எழுதுவார்கள். வருகிற மே மாதம் நம் மிஷனெரி குடும்பத்தோடு விடுமுறைக்கு வருகிறார். அவர்கள் தங்குவதற்கென்று ஒதுக்கியிருக்கும் பழைய பள்ளி ஆசிரியர் வீட்டில் கூரை ஒழுகுகிறது, கிணற்று மோட்டார் ஓடவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன்; வரக்கூடியவர்கள் மண்வெட்டியும் ஓர் ஏணியும் கொண்டு வாருங்கள்.