அத்தை அனுப்பிய வீடியோ

எல்லோருக்கும் வணக்கம்.

2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் போகிறது. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூர். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு, காரில் வந்த 65 வயது அம்மா சாக்லேட் கொடுக்கிறார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டுவிட்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள்.

வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக அப்போது வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு. அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். பைக்கில் வரும் இரண்டு பேர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானில், கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கியவர்களே திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, பெற்றோரை எச்சரிக்கும் அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

எங்கள் குடும்பக் குரூப்பில் அதைப் போட்டது அத்தை. கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கை பதறிப்போய் உடனே பத்துப் பேருக்கு அனுப்பினாள். மாமா, ‘அக்கா அனுப்பினால் சரியாத்தான் இருக்கும்’ என்று நம்பினார். கல்லூரிக்குப் போகும் பையன் ‘ஃபேக்’ என்று தனக்குள் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டான். எனக்கும் சந்தேகம் வந்தது. பெரியவர்கள் போட்டதை எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். நம்பியவர்கள் பிள்ளைகள் மீதிருந்த பாசத்தில் பயந்தார்கள். சந்தேகப்பட்ட நானும் அந்தப் பையனும்தான் பேசியிருக்க வேண்டும்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயந்தவருக்கு ஐந்து பேரே போதும். வருகிற செய்தியும் முகம் தெரியாதவரிடமிருந்து வருவதில்லை, அத்தையிடமிருந்து வருகிறது. அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

அத்திமூர் செய்தியைப் படித்த அன்று அத்தைக்குப் போன் போட்டேன். குரூப்பில் எழுதியிருந்தால் அவருக்கு அவமானமாகியிருக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, படம் எங்கே எடுத்தது, எதை வெட்டினார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அத்தை கேட்டார்:

“அப்போ அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?”

“ஒண்ணும் ஆகலை அத்தை.”

“சரி, நான் அனுப்பினவங்களுக்கெல்லாம் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”