கேத்தல் மூக்கும் பனிமூட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் அடுத்த முறை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கேத்தலின் மூக்கைக் கூர்ந்து பாருங்கள். மூக்கின் நுனிக்கும், அதற்கு மேலே வெள்ளையாகச் சுருண்டெழுவதற்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். நீராவி இருப்பது அங்கேதான். கையை வைத்தால் வெந்துவிடும், கண்ணுக்கு மட்டும் அகப்படாது. 'ஆவி பறக்கிறது' என்று நாம் சொல்கிற அந்த வெள்ளை, ஆவி குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலம். யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், ஆவியாக இருக்கும்போது எதையும் மறைக்காத தண்ணீர், துளியானதும் எதிர்மலையையே மறைத்துவிடுகிறதே, எப்படி?" துளி பெரியது, அதனால் மறைக்கிறது என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்பது மாலையில் லயத்துப் பக்கமாக நடந்து வரும்போதுதான் உறைத்தது. காற்றில் இருந்த தண்ணீரின் அளவு கூடவில்லையே! அதே மூலக்கூறுகள் இடம்தானே மாறியிருக்கின்றன?

விடை ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது. ஒளி அலை ஒரு மூலக்கூறில் படும்போது அதிலுள்ள இலத்திரன்களை ஆட்டுகிறது. ஆடும் இலத்திரன்கள் தாமும் எல்லாப் பக்கமும் சிறிது ஒளியை வீசுகின்றன. அதுதான் சிதறல். மூலக்கூறுகள் ஆவியாகத் தாறுமாறாகப் பரந்து கிடந்தால், ஒன்றின் அலை முகட்டில் இருக்கும்போது மற்றொன்றின் அலை பள்ளத்தில் இருக்கும். அவத்தைகள், அதாவது அலைகளின் முகடு பள்ளம் வரும் நிலைகள், ஒத்துப்போகா. அப்போது பத்து மூலக்கூறுகள் தருவது பத்து மடங்கு ஒளி. இது ஓரியலற்ற சிதறல். பத்தும் மிக நெருங்கி ஒரே துளியாக இருந்தால் முகட்டோடு முகடு சேரும். அலையின் வீச்சம், அதாவது முகட்டின் உயரம், பத்து மடங்காகும். ஒளியின் செறிவோ வீச்சத்தின் வர்க்கம், ஆகவே நூறு மடங்கு. இது ஓரியல் சிதறல். (இந்த இடத்தில் ஒரே தாளத்தில் தப்படிக்கும் குழுவை உவமை சொல்ல நாக்குத் துடிக்கிறது. ஆனால் தாளம் ஒத்துப்போவது வேறு, அலை முகடுகள் ஒத்துப்போவது வேறு. பிழையான உவமையைவிடக் கணக்கே மேல்.)

பத்து இலட்சம் மூலக்கூறுகள் கூடிய துளியை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் 25,000இல் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளத்தில் அது ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். ஆகவே உள்ளே இருக்கும் எல்லா மூலக்கூறுகளும் ஒன்றுபட்டு ஆடும். தனித்தனியாகத் திரிந்தபோது சிதறடித்ததைப்போல் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு ஒளியை அதே தண்ணீர் இப்போது சிதறடிக்கிறது. மறுநாள் அந்த மாணவியை அழைத்து, கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினேன்.

ஆனால் இந்த வளர்ச்சிக்கு எல்லை உண்டு. நம் மலைகளில் இறங்கும் மூட்டத்தின் துளிகள் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பருத்தவை, ஒளியின் அலைநீளத்தைவிட இருபது மடங்கு பெரியவை. துளியின் முன்பக்கமும் பின்பக்கமும் இனி ஒத்துப்போகா. சிறு துகள்கள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். ஹப்புத்தளையிலிருந்து தெற்கே பார்த்தால் தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது இடையிலுள்ள காற்று மூலக்கூறுகளின் இந்த வேலையால்தான். பருத்த துளிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எல்லா நிறத்தையும் ஒரேமாதிரிச் சிதறடிப்பதால் மூட்டம் வெள்ளை. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று நானுஓயாப் பாதையில் வாகனம் ஓட்டுகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். துளிகளுக்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். விளக்கைத் தாழ்த்திப் போடுவதில்தான் பயன் இருக்கிறது.

உயர்தர மாணவர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. 1923இல் கொம்ப்டன் எக்ஸ் கதிரிலும், 1928இல் திருச்சியில் பிறந்த இராமன் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும், சிதறிய கதிரில் ஒரு பகுதி அலைநீளம் மாறி வருவதைக் கண்டார்கள். இரண்டும் ஓரியலற்றவை. அப்படியானால் அலைநீளம் மாறாதது எல்லாம் ஓரியல் சிதறல் என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ஐதரசன் உள்ள பளிங்கில் நியூத்திரன்களை விட்டுப் பார்த்தால் தெரியும். அவையும் அலைபோலச் சிதறும். நியூத்திரனுக்கும் ஐதரசனின் கருவுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் சிதறல் ஒருவிதம், எதிரெதிராக இருந்தால் வேறுவிதம். அணுக்கள் வரிசை பிசகாமல் அமர்ந்திருந்தாலும் அவற்றின் தற்சுழற்சி தாறுமாறு. அதனால், சக்தி சிறிதும் மாறாதபோதுகூட, ஐதரசனின் ஓரியலற்ற சிதறல் ஓரியல் சிதறலைப்போல் 45 மடங்கு. பளிங்கின் அமைப்பைத் தெளிவாகப் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் ஐதரசனை எடுத்துவிட்டு அதன் பாரமான வகையான துதீரியத்தை வைப்பது இதற்காகத்தான்.

துளியின் கணக்கு அணுக்கருவுக்குள்ளும் செல்லும். மின்சுமை இல்லாத மிக நுண்ணிய துணிக்கையான நியூத்திரினோ எதிலும் எளிதில் மோதாது. அதைப் பிடிக்க யப்பானின் சூப்பர் கமியோக்காண்டே என்ற நிலத்தடி ஆய்வுகூடத்தில் 50,000 தொன் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். குறைந்த சக்தியுள்ள நியூத்திரினோ மெதுவாக இடித்தால், கருவிலுள்ள நியூத்திரன்கள் எல்லாம் ஒன்றுபட்டுப் பதில் தரும், மோதும் வாய்ப்பும் அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு உயரும் என்று 1974இல் டானியல் ஃப்ரீட்மன் என்ற பௌதிகவியலாளர் எழுதினார். சீசியத்தின் கருவில் 78 நியூத்திரன்கள். 78ஐ வர்க்கித்தால் ஆறாயிரத்துக்கும் மேல். ஆனால் இடிபட்ட கரு அசைவது மிகமிகச் சிறிதளவே என்பதால் அதைக் காண நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2017இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் அதைக் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய சீசியம் அயடைட்டுப் பளிங்கின் எடை 14.6 கிலோ. ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, பல தோட்டங்களில் கேட்கிற கொழுந்தைவிடக் குறைவு.

வணக்கம்.