ஒற்றை ஆள் ஆட்டத்தை எட்டுப் பேர் ஆடுவது: நீர்மூழ்கிப் போர்டு கேமுக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்

(காட்சி: மேசையில் விரித்த ஆட்ட அட்டை, இரண்டு பகடை, ஓரமாக டபரா செட். வெளியே மழைச் சத்தம்.)

இரண்டாம் உலகப் போரை மாதம் மாதமாகக் கடக்கும் இந்த ஆட்டத்தை முதல் தடவை நாங்கள் நடத்தியபோது ஆறே வாரத்தில் படுத்துவிட்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மயிலாடுதுறை நண்பர் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து ஆடி, ஆட்டத்து 1942க்குப் போய்விட்டார். குறுவை நடவில் மாட்டிக்கொண்ட திருத்துறைப்பூண்டிக்காரருக்கு 1939 தீபாவளிகூட வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒரே வாட்ஸப் குழுவில் பேசினால் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கரையோரம் டேங்கர் எரிந்த கதையை ஒருவர் சொல்ல, “அமெரிக்கா எப்பங்க சண்டைக்கு வந்துச்சு?” என்று இன்னொருவர் கேட்டார். அன்றைக்கே ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை அதே ஆட்டத்தை ஒரு வருஷம் ஓட்டினோம். எப்படி என்று சொல்கிறேன்.

(காட்சி: ஆட்டப் பெட்டியின் மூடி.)

ஆட்டத்தின் பெயர் ‘தி ஹண்டர்ஸ்’. 2013இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்கு நீங்கள் கேப்டன். 1939 செப்டம்பரில் தொடங்கி 1943 நடுவரை. எதிராளி என்று யாரும் கிடையாது. ரோந்து எந்தக் கடலுக்கு என்று பகடை சொல்லும். அங்கே போனதும் கட்டத்துக்குக் கட்டம் பகடை உருட்டிக் கப்பல் தென்படுகிறதா, விமானம் வருகிறதா, ஒன்றுமே இல்லையா என்று பார்க்க வேண்டும். பல நாள் ஒன்றுமே இல்லைதான்! தென்பட்டால் பகலா இரவா, மேலே மிதந்தபடியா மூழ்கியா, எவ்வளவு கிட்டே போவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. மற்றது அட்டவணையும் அதிர்ஷ்டமும்.

“ஜெர்மன்காரன் ஆட்டம் நமக்கு எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஒரு ஜெர்மன் கப்பலின் பெயரை நாம் இன்றைக்கும் விடவில்லை. ஊரில் கில்லாடி ஒருத்தன் இருந்தால், “அவன் எம்டன்டா” என்கிறோம். எம்டன் நீர்மூழ்கி இல்லை, குரூஸர், அதாவது நீரின் மேலே ஓடும் போர்க்கப்பல். நீர்மூழ்கிதான் வேண்டும் என்றால் நேதாஜி இருக்கிறார். 1943 பிப்ரவரியில் அவர் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது யு-180 என்ற நீர்மூழ்கியில். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய ஐ-29க்கு மாறினார். இந்தக் கதையைச் சொன்னதும் மன்னார்குடி வாத்தியார் ஒருவர் உடனே சேர்ந்துவிட்டார்.

குழுவின் முதல் விதியையும் அவர்தான் போட்டார். ஸ்வஸ்திகாவை புரொஃபைல் படமாக வைக்கக் கூடாது, ஹிட்லர் ஜோக் கூடாது, மீறினால் வெளியே. விவாதமே நடக்கவில்லை.

(காட்சி: சுவரில் தினசரி நாட்காட்டி. பக்கத்தில் கையால் எழுதிய 1939 முதல் 1943 வரையிலான பட்டியல்.)

சரி, எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் தனித்தனிப் படகை ஓட்டும்போது, நடத்துகிறவருக்கு என்ன வேலை? அட்மிரல் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் நினைத்துக் கட்டளையெல்லாம் அனுப்பினேன், ஒருவரும் சட்டை செய்யவில்லை. அந்தக் காலத்துப் பண்ணையில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பாரே, அந்த வேலைதான் இது. யார் எந்தத் தேதியில் நிற்கிறார், என்ன கொண்டுவந்தார், என்ன பாக்கி. இதை ஒழுங்காக எழுதிவைத்தால் ஆட்டம் தானாக நடக்கும்.

1939 செப்டம்பரிலிருந்து 1943 ஜூன் வரை எண்ணிப் பாருங்கள், 46 மாதம். ஆட்டத்து மாதம் ஒன்றுக்கு நம்முடைய வாரம் ஒன்று. 46 வாரம். வருஷத்தில் மிச்சம் ஆறு வாரம் இருக்கிறதா? அதைத் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலும் சம்பா அறுவடையும் சேர்த்து மூன்று, மழை வெள்ளத்துக்கென்று இரண்டு எனப் பிரித்தோம். அறுவடை மிஷினுக்குக் காத்திருக்கிறவரிடம் போய், “அட்லாண்டிக்ல உங்க பகடை என்னாச்சு?” என்று கேட்டால் மரியாதை இருக்காது. மேட்டூர் திறந்து ஆறு கரைபுரண்ட ஆடியில் தொடங்கினோம், அடுத்த ஆடிக்கு முடிந்தது.

இதில் ஒரே கண்டிப்பு, யாரும் முன்னால் ஓடக் கூடாது. பின்தங்கலாம், ஒரு மாதம்வரை. அதற்கும் மேல் போனால் படகு துறைமுகத்தில் பழுதுபார்ப்பில் இருக்கிறது என்று எழுதிவிடுவேன். ஆட்டத்திலேயே ஒவ்வொரு ரோந்துக்குப் பிறகும் பராமரிப்பு உண்டு, அடி பலமாக இருந்தால் பட்டறையில் கூடுதல் மாதங்கள். அதனால் இது தண்டனையாகத் தெரியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பையனுக்கு இரண்டு ஷிஃப்ட் மாறி மாறி வந்தது. அவனுடைய படகு 1941இல் பாதி வருஷம் லோரியாங் துறைமுகத்திலேயே கிடந்தது. “அண்ணே, பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சா?” என்று வாரா வாரம் கேட்பான்.

(காட்சி: கூகுள் ஷீட். வரிசைக்கு ஒரு படகு.)

இதுதான் எங்கள் பேரேடு. படகு எண், வகை, கேப்டன் பட்டப்பெயர், கிளம்பிய மாதம், திரும்பிய மாதம், மிச்சமிருக்கும் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலை உடைக்கும் குண்டு), மூழ்கடித்த கப்பல், டன். படகு வகையைத் தொடக்கத்திலேயே யோசித்து எடுங்கள். ஏழாம் வகையில் சி ரகம் 14 டார்பிடோ கொண்டுபோகும், சிறிசு, சட்டென்று மூழ்கும். ஒன்பதாம் வகை 22 கொண்டுபோகும், தூரக் கடலுக்குப் போகும், ஆனால் அடி வாங்கினால் கஷ்டம்.

டன் என்பதில் எல்லோரும் ஏமாறுவார்கள். அது எடை கிடையாது. வணிகக் கப்பலுக்குச் சொல்லும் பதிவு டன், கொள்ளளவு. நூறு கன அடி ஒரு டன். நம்ம தாத்தாக்கள் நெல்லை மரக்காலிலும் கலத்திலும் அளந்தார்களே, தராசில் நிறுக்காமல், அந்த மாதிரி. போர்க்கப்பலுக்கு மட்டும் டன் என்றால் நிஜமாகவே எடைக் கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டுவது மரக்காலையும் கிலோவையும் கூட்டுவது போலத்தான். ஆட்டம் கூட்டுகிறது, நாங்களும் கூட்டினோம். வாத்தியார் கடைசிவரை முணுமுணுத்தார்.

இன்னொரு சிக்கல். ஆட்டத்தில் கப்பல்களுக்குப் பெயர் உண்டு, பட்டியலில் பகடை உருட்டி எடுக்க வேண்டும். தனியாக ஆடினால் பிரச்சினை இல்லை. எட்டுப் பேர் உருட்டினால் ஒரே கப்பலை மூன்று பேர் மூழ்கடிப்பார்கள்! அதனால் மூழ்கிய பெயரை ஷீட்டில் சிவப்பில் அடித்துவிடுகிறோம். அது மறுபடி வந்தால் அடுத்த பெயர்.

சிவப்பில் அடிக்கும்போதுதான் நாகப்பட்டினம் நண்பர் கேட்டார். கடலுக்குப் போகிற குடும்பம், மாலுமிகளை எண்ணாமல் கப்பலை மட்டும் எண்ணுவது அவருக்குச் சரிப்படவில்லை. “அதுல இருந்தவங்க என்ன ஆனாங்க?” அட்டவணையில் அதற்குப் பதில் கிடையாது. தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டதிலிருந்து சமையல்வரை வேலை பார்த்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நம் நாட்டு ஆட்கள், லஸ்கர் என்பார்கள். 1940 செப்டம்பர் 17 இரவு யு-48 மூழ்கடித்த ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குப் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். கப்பல் பணியாளர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். அன்றிலிருந்து குழுவில் அதிக டன் மூழ்கடித்தவருக்கு ‘டன் ராஜா’ பட்டம் போடுவதை நிறுத்தினேன். ஷீட்டில் டன் பத்தி இருக்கிறது, அதை வைத்து யாரையும் வரிசைப்படுத்துவதில்லை.

(காட்சி: தாயக்கட்டை. பக்கத்தில் ஆறுமுகப் பகடை.)

இனிப் பகடை. தாயம் ஆடிய ஊரில் பகடையைப் பற்றிச் சந்தேகம் வராமல் இருக்குமா? திண்ணையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும்போதே, “கட்டையைப் புரட்டுறான் பாரு” என்று சத்தம் கேட்கும். இங்கே எட்டுப் பேரும் எட்டு ஊரில். கம்ப்யூட்டரை உருட்டச் சொல்லலாம், டிஸ்கார்டில் அதற்கென்றே பாட் கிடைக்கிறது. நான் எதிர்த்தேன். பகடையைக் கையில் எடுத்துக் குலுக்குவதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது என்பது என் கட்சி. கடைசியில் ஒரு சமரசம். சாதாரண உருட்டல் வீட்டில், நம்பிக்கையின் பேரில். மூன்று உருட்டல் மட்டும் சாட்சியோடு: பெரிய போர்க்கப்பலைத் தாக்கும்போது, டெப்த் சார்ஜ் (நீர்மூழ்கிமேல் போடும், நீருக்குள் வெடிக்கும் குண்டு) அடி விழும்போது, கேப்டன் உயிர் பிழைத்தாரா என்று பார்க்கும்போது. ஞாயிறு இரவு 9 மணிக்கு வீடியோ கால்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. திருத்துறைப்பூண்டியில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் உருட்டிய பகடை துள்ளி நெல் மூட்டைக்கு அடியில் போய்விட்டது. செல்போன் டார்ச்சோடு எல்லோரும் மூட்டைக்கு அடியில் எட்டிப் பார்த்தோம். ஆறு. அவருக்கு வேண்டியதும் ஆறு! செல்லும், செல்லாது என்று நாற்பது நிமிஷம். இப்போது விதி எழுதப்பட்டிருக்கிறது. தாம்பாளத்துக்கு வெளியே விழுந்தால் செல்லாது. தாம்பாளத்தில் உருட்டினால் சத்தமும் நன்றாக இருக்கும்.

தொடக்கத்தில் டார்பிடோ வெடிக்காமல் போகும். நமத்துப்போன பட்டாசு மாதிரி. யாரும் கோபப்பட வேண்டாம், நிஜத்திலும் அப்படித்தான். 1940 ஏப்ரலில் நார்வே பக்கம் ஜெர்மன் டார்பிடோக்கள் சொதப்பியது அவர்களுக்குள்ளேயே விசாரணைவரை போனது.

கூட்டு வேட்டைக்கு நாங்களே ஒரு விதி சேர்த்தோம். ஒரே கடலில், ஒரே மாதம் இரண்டு கேப்டன்கள் இருந்தால், கான்வாயை (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களை) கண்டவர் குழுவில் ‘சிக்னல்’ என்று போடலாம். மற்றவருடைய அடுத்த கட்டத்தில் பகடை இல்லாமலே கான்வாய் கிடைக்கும். ஆனால் சிக்னல் போட்டவரைக் காவல் கப்பல் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஒரு படி கூடும். நிஜத்திலும் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸின் படகுகள் ரேடியோவில் பேசிப் பேசித்தான் கூட்டம் சேர்ந்தன, அந்த ரேடியோ வந்த திசையை வைத்தும் எதிரி பிடித்தான். 1943 மார்ச்சில் இரண்டு கான்வாய்களிலிருந்து 20 கப்பல்களுக்கு மேல் போனதும் இப்படிக் கூட்டம் சேர்ந்ததால்தான். இந்த விதி வந்த பிறகுதான் குழு நிஜமாகக் குழு ஆனது. நடுராத்திரியில், “சிக்னல் போடவா மாப்ள?” என்று போன் வரும்.

(காட்சி: ஷீட்டில் சாம்பல் நிறமான வரிசைகள்.)

படகு போய்விட்டால் என்ன செய்வது? குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான். எட்டு மாதம் வளர்த்த கேப்டன் ஒரே உருட்டலில் போவார். மனுஷனுக்கு மனம் விட்டுப்போகும், சத்தமில்லாமல் குழுவை விட்டுக் கிளம்பிவிடுவார். நாங்கள் செய்தது இது. அந்த வாரமே புதுப் படகு, புதுக் கேப்டன், நடப்பு மாதத்திலிருந்தே. பழைய டன் புதுப் படகோடு வராது. பழைய வரிசை அழியாது, சாம்பல் நிறமாகும். அதற்கு எதிரே அவர் இரண்டு வரி எழுத வேண்டும், எங்கே, எப்படி என்று.

முதல் சாவு 1941 மார்ச்சில், மயிலாடுதுறைக்காரருக்கு. ரொம்ப நொந்துபோனார். நிஜப் போரில் அதே மாதம்தான் ஜெர்மனியின் பெயர்பெற்ற மூன்று கேப்டன்கள் போனார்கள் என்று காட்டினேன். பிரீன் திரும்பவில்லை, ஷெப்கெ இறந்தார், கிரெட்ஷ்மர் பிடிபட்டார். “அப்ப நம்ம பரவாயில்ல” என்று அடுத்த ஞாயிறே வந்துவிட்டார்.

1943 வந்ததும் ஆட்டம் மாறிவிடும். வானம் முழுக்க விமானம். பிரான்ஸ் கரையோரத்துப் பிஸ்கே விரிகுடாவைத் தாண்டுவதற்குள்ளேயே வியர்க்கும். அந்த மே மாதம் மட்டும் ஜெர்மனி 40 நீர்மூழ்கிகளுக்கு மேல் இழந்தது. போர் முழுக்க நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. எங்கள் ஷீட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்த வரிசைகளில் அப்போது நான்குதான் வெள்ளை.

மே மாதத்துக்கான வாரத்தில் நாகை நண்பர் பகடையை எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, “இந்த மாசம் கடலுக்குப் போற மாசம் இல்லைண்ணே” என்றார். ஏப்ரல், மே, ஜூனில் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா. அவர் படகைத் துறைமுகத்திலேயே வைத்துக்கொள்ள விதிப்படி இடம் உண்டா என்று புத்தகத்தைப் புரட்டினேன். பிறகு மூடிவைத்துவிட்டு, பேரேட்டில் ‘பழுதுபார்ப்பு’ என்று எழுதினேன்.