ஈட்டியைக் கீழே வைத்தவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென் ஆஸ்திரேலியாவில், ஸ்பென்சர் வளைகுடா பெருங்கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, நெப்டியூன் தீவுகள் என்றொரு சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் பாறைகளின் மேல் சீல்கள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கும். அவற்றை வேட்டையாட வெள்ளைச் சுறாக்கள் வந்து போகும். அந்தத் தீவுகளைச் சூழ்ந்த கடலைக் கடற்பூங்காவாக அறிவித்த மாநில அரசு, ரான் டெய்லர், வேலரி டெய்லர் என்னும் கணவன் மனைவியின் பெயரையும் அதற்குச் சேர்த்துச் சூட்டியிருக்கிறது. இருவரும் இளமையில் ஈட்டியால் மீன் குத்திப் பட்டங்கள் வென்றவர்கள். கடல் உயிர்களைக் கொன்று புகழ் பெற்றவர்களின் பெயர் ஒரு கடற்காப்பகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இன்றைய உரையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வேலரி 1935-இல் சிட்னியில் பிறந்தவர். அவருடைய சிறுவயது நியூசிலாந்தில் கழிந்தது. 12 வயதில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்த அவரது படிப்பும் பாதியில் நின்றது. பிறகு படம் வரைந்து சம்பாதித்தார். குடும்பம் மீண்டும் சிட்னிக்குத் திரும்பியபோது, வீட்டுக்கு அருகிலேயே கடல் கிடைத்தது. 1950-களின் நடுவில் முக்குளிக்கத் தொடங்கினார். அவரைவிட ஒரு வயது மூத்த ரானும் அதே காலத்தில் அதே கடலில் மீன் குத்திக்கொண்டிருந்தார். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் முக்குளிப்போர் சங்கத்தில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு, 1963-இல் திருமணம் நடந்தது. பெண்களுக்கான தேசியப் பட்டத்தை வேலரி வென்றார். ரான் 1965-இல் தஹிதித் தீவில் நடந்த போட்டியில் உலகப் பட்டத்தையே வென்றார்.

அந்தப் போட்டிகள் எப்படி நடந்தன என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். காற்று உருளை எதுவும் கிடையாது. முகக் கண்ணாடி, காலில் துடுப்பு, கையில் ஈட்டித் துப்பாக்கி, நெஞ்சில் அடக்கிய ஒரே ஒரு மூச்சு, இவ்வளவுதான். நீருக்குள் இறங்கி, பாறை இடுக்கில் அசையாமல் காத்திருந்து, மீனைக் குத்தி, மூச்சு முட்டுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். குத்திய மீன்களை மிதவையில் கட்டிய கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டே அடுத்த இடத்துக்கு நீந்துவார்கள். மாலையில் கரையில் தராசு வைத்து நிறுத்து, எடைக்கும் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் போடுவார்கள். இதில் வெல்ல உடல் வலு மட்டும் போதாது. எந்தக் குகையில் எந்த மீன் தங்கும், அலை எந்தப் பக்கம் திரும்பும்போது அது வெளியே வரும், எந்த மீன் மிரளும், எந்த மீன் மனிதனைப் பார்க்கத் தானாகவே கிட்டே வரும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

தானாகவே கிட்டே வரும் மீன் என்று சொன்னேன் அல்லவா, அப்படி ஒன்று சிட்னிக் கரையோரத்தில் உண்டு. ப்ளூ குரோப்பர் என்று அதற்குப் பெயர். முதலில் பழுப்பு நிறப் பெண்ணாக வளர்ந்து, அவற்றுள் சில மட்டும் பின்னாளில் நீல நிற ஆணாக மாறும் மீன் அது. முக்குளிப்பவர் கடல் முள்ளெலி ஒன்றை உடைத்துக் கொடுத்தால் நாய்க்குட்டி போலப் பின்தொடர்ந்து வரும். இப்படி நம்பி வரும் மீனைக் குத்துவது எளிது. பெரிய நீல மீனைக் குத்தினால், அந்தப் பாறைப்பகுதியில் இனம் பெருக்க இருந்த ஆணும் போய்விடும். சிட்னியின் பாறைகளில் அது வேகமாகக் குறைந்துபோகவே, நியூ சவுத் வேல்ஸ் அரசு 1969-இல் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. இன்று அது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ அடையாள மீன்.

மீன் குறைகிறது என்பதை அறிவியலாளர்களின் கணக்கெடுப்புக்கு முன்பே உணர்ந்தவர்கள் மீன் குத்தியவர்கள்தான் என்பது என் கருத்து. கரையில் இருப்பவருக்குக் கடலின் மேற்பரப்பு நேற்றுப் போலவே இன்றும் தெரியும். சென்ற ஆண்டு மீன் இருந்த குகை இந்த ஆண்டு வெறுமையாகக் கிடப்பது உள்ளே இறங்கியவருக்கு மட்டுமே தெரியும். ரானும் வேலரியும் ஈட்டியை விட்டதற்கு ஒரே இரவில் வந்த ஞானோதயம் காரணமாகச் சொல்லப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரான் வேட்டைக் காலத்திலேயே தம் கையால் நீர்புகாப் பெட்டி செய்து, கேமராவை உள்ளே பொருத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஈட்டியோடு இறங்குபவர் மீனைச் சில நொடிகள் பார்க்கிறார். கேமராவோடு இறங்குபவர் அதே மீனை மணிக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. உலகப் பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் இருவரும் போட்டிகளிலிருந்து முற்றாக விலகிக் கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கேமரா உடனே பாதுகாப்புக்கு உதவிவிடவில்லை. அந்தக் காலத்து மக்கள் காசு கொடுத்துப் பார்க்க விரும்பியது சுறாவின் கொடூரத்தையே. நம் கரையோரக் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்கும் மீனாகச் சுறாவை அறிந்தவர்கள் நாம். சிட்னியிலோ அது கடற்குளியலுக்கு வந்த மக்களின் எதிரி; 1937 முதல் அங்குள்ள கடற்கரைகளில் சுறாக்களைக் கொல்வதற்கென்றே வலை கட்டி வந்தார்கள். சுறாவைக் கொன்றவர் ஊருக்கு நன்மை செய்தவராகவே கருதப்பட்டார். ரானின் தொடக்ககாலப் படங்களும் சுறா வேட்டையைக் காட்டியவைதான்.

இந்த இடத்தில் அவர்களுடைய நண்பர் ராட்னி ஃபாக்ஸ் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1963 டிசம்பர் 8 அன்று, அடிலெய்டுக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில், மாநில ஈட்டி மீன்பிடிப் போட்டியில் இருந்த அவரை ஒரு வெள்ளைச் சுறா மார்போடு சேர்த்துக் கவ்வியது. அதன் கண்ணைத் தேடிக் குத்தி விடுபட்டு மேலே வந்தார். அவர் மீன் கோத்திருந்த கயிற்றை அது பற்றிக்கொள்ள, இடுப்பில் கட்டிய கயிற்றோடு மறுபடியும் கீழே இழுக்கப்பட்டார். நல்லவேளையாகக் கயிறு அறுந்தது. விலா எலும்புகள் முறிந்து, நுரையீரல் கிழிந்திருந்த நிலையில், அவர் அணிந்திருந்த இறுக்கமான ரப்பர் உடைதான் உடலைச் சிதறாமல் பிடித்து வைத்திருந்தது. அறுவை மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான தையல்கள் போட்டு அவரைப் பிழைக்க வைத்தார்கள். அப்படிப்பட்டவர் சுறா இனத்தையே வெறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடிலெய்டு விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கக் கூண்டின் முன் நின்றபோது, கூண்டுக்குள் மனிதன் இருந்துகொண்டு வெளியே திரியும் சுறாவைப் பார்த்தால் என்ன என்று எண்ணினார். அதன்படி செய்த கூண்டை 1960-களின் நடுவில் தென் ஆஸ்திரேலியக் கடலில் இறக்கி, ரான் டெய்லரையும் உடன் அழைத்துச் சென்றார். இன்று உலகின் பல கடல்களில் சுற்றுலாப் பயணிகள் கூண்டுக்குள் இருந்து சுறாவைப் பார்க்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு முன்னோடி அதுதான். ஃபாக்ஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வெள்ளைச் சுறாவைப் பற்றிய ஆய்வுக்கும் அதைக் காப்பதற்கும் செலவிட்டார்.

1969-இல் டெய்லர் தம்பதியர் ஓர் அமெரிக்கப் படக்குழுவோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து கடலுக்குள் சென்றார்கள். அங்கே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கொன்று மிதக்கவிட்ட திமிங்கிலங்களைத் தின்ன, வெள்ளைமுனைத் துடுப்புடைய ஆழ்கடற்சுறாக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டிருந்தன. அவற்றின் நடுவே குழுவினர் கூண்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். சுறாக்கள் அவர்களை மூக்கால் இடித்துப் பார்த்தன. அஞ்சாமல் திருப்பித் தள்ளியவர்களை விட்டு விலகின. சுறாக்கள் எதிர்ப்பட்ட எதையும் கண்மூடித்தனமாகக் கடித்துக் குதறும் என்ற பழைய நம்பிக்கை அந்தக் காட்சிகளுக்குப் பிறகு நிற்கவில்லை. இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அவ்வளவு பெருந்திரளாகக் காணப்பட்ட அதே சுறா இனம், துடுப்புக்காகவும் சூரை மீன் தூண்டில்களில் தற்செயலாகச் சிக்கியும் அழிந்து, இன்று உலக அளவில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இனி அப்படியொரு காட்சியைப் படம் பிடிக்க நினைத்தாலும் அத்தனை சுறாக்கள் கிடையா.

பிறகு வந்தது, மனிதரைக் கொல்லும் ஒரு சுறாவைப் பற்றி 1975-இல் வெளியான ஜாஸ் என்னும் அமெரிக்கத் திரைப்படம். அதில் வரும் உயிருள்ள சுறாவின் காட்சிகளை, ஃபாக்ஸின் ஏற்பாட்டில், தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் அருகே டெய்லர் தம்பதியர்தாம் படமெடுத்தார்கள். படம் உலகமெங்கும் ஓடியது. கடலில் கால் வைக்கவே மக்கள் அஞ்சினார்கள். சுறாவைக் கொல்வது வீரச் செயலாகக் கொண்டாடப்பட்டது. கதையாகச் சொன்னதை மக்கள் உண்மையாக எடுத்துக்கொண்டதைக் கண்டு வேலரி வருந்தினார். அமெரிக்காவுக்குப் போய்த் தொலைக்காட்சிகளில் தோன்றி, சுறாக்கள் அப்படிப்பட்டவை அல்ல என்று விளக்கினார். மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியும் பின்னாளில் சுறாக்களைக் காக்கும் பணிக்கு வந்தார். வேலரி பேச்சோடு நிற்கவில்லை. துருப்பிடிக்காத எஃகு வளையங்களைப் பின்னிச் செய்த கவச உடையை அணிந்து, கலிபோர்னியக் கடலில் நீலச் சுறாக்களின் வாய்க்குத் தம் கையையே கொடுத்துச் சோதித்துக் காட்டினார். பல் வளையத்தில் பட்டதும் சுறா விட்டுவிட்டுப் போவதை உலகம் படத்தில் பார்த்தது.

ஆனால் அவர்களுடைய பணியில் நான் மிக உயர்வாக மதிப்பது கிரே நர்ஸ் என்னும் சுறாவுக்காக அவர்கள் பேசியதையே. மூன்று மீட்டருக்கும் சற்று மேலாக வளரும் இந்தச் சுறா, வாயை மூடினாலும் பற்கள் கொத்தாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பார்த்தால் யாருக்கும் நடுக்கம் வரும். அந்த முகத்தினால்தான் மனிதனைத் தின்னும் சுறா என்ற பழி அதன்மேல் விழுந்தது. உண்மையில் அது பகலெல்லாம் குகை வாயில்களிலும் பாறைப் பள்ளங்களிலும் மெல்ல மிதந்துகொண்டிருக்கும். மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொள்வதால், நீந்தாமலே ஒரே மட்டத்தில் நிற்க அதனால் முடியும். அப்படி அசையாமல் நிற்கும் உயிரை, 1950-களிலும் 1960-களிலும் தோட்டா பொருத்திய ஈட்டி முனையால் தொட்டு வெடிக்கச் செய்து வரிசையாகக் கொன்றார்கள்.

இவ்வளவு கொன்றால் மீளவே முடியாத பிறவி அது. பெண் சுறா பருவமடைய ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். தாயின் வயிற்றில் இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வளர்ந்த குட்டி, உடன் இருக்கும் மற்றக் குட்டிகளையும் முட்டைகளையும் தின்றே வளரும். முடிவில் இரண்டு குட்டிகள் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளத்தில், பிறக்கும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரே வார இறுதியில் ஒரு குகையில் கொல்லப்படும் சுறாக்களை அந்தக் குகை திரும்பப் பெற ஒரு தலைமுறை போதாது.

கிரே நர்ஸ் மனிதனுக்குத் தீங்கு செய்யாதது என்பதைத் தம் படங்களால் காட்டி, டெய்லர் தம்பதியரும் பிற முக்குளிப்போரும் விடாமல் வாதாடியதன் பயனாக, 1984-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதைக் கொல்லத் தடை விதித்தது. உலகில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட முதல் சுறா அதுதான். வெள்ளைச் சுறாவை 1991-இல் தென்னாப்பிரிக்கா பாதுகாத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலியாவும் பாதுகாத்தது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில், லிசார்ட் தீவுக்கு அருகே, மனித உயரத்துக்கு வளரும் களவா மீன்கள் கூடும் இடம் ஒன்றை உலகுக்குக் காட்டி, அங்கே மீன்பிடிக்கக் கூடாது என்று போராடி வென்றதும் இவர்களே. ரான் 2012-இல் புற்றுநோயால் காலமானார். வேலரி எண்பது வயதைக் கடந்த பிறகும் கடலில் இறங்கினார்.

சட்டம் வந்ததால் கிரே நர்ஸ் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அது இன்றும் மிக அருகிய நிலையிலேயே இருக்கிறது. அதைக் குறிவைத்துக் கொல்வோர் இப்போது இல்லை. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலை விழுங்கி, முள் தொண்டையிலும் வயிற்றிலும் தைத்து, சீழ் பிடித்துச் சாகின்றன. கடற்கரை வலைகளிலும் மாட்டுகின்றன. அவை கூடும் குகைகளைச் சுற்றித் தூண்டில் போடக் கூடாது என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக மீன்பிடிச் சங்கங்களுக்கும் அரசுக்கும் நடுவே இழுபறியாகவே இருந்து வருகிறது. இதற்கிடையில், சிட்னியின் மரூப்ரா பகுதியிலுள்ள மேஜிக் பாயின்ட், வடக்கே ஃபிஷ் ராக் போன்ற குகைகளில் இறங்கும் சாதாரண முக்குளிப்போர், ஒவ்வொரு சுறாவின் விலாவிலும் உள்ள கரும்புள்ளிகளைப் படம் எடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்புகிறார்கள். புள்ளிகளின் அமைப்பு ஒன்றைப் போல ஒன்றுக்கு இருக்காது என்பதால், எந்தச் சுறா எந்தக் குகைக்கு மறுபடி வந்தது, எதன் வாயில் புதிதாகத் தூண்டில் முள் தைத்திருக்கிறது என்பதை அந்தப் படங்களைக் கொண்டே கண்டறிகிறார்கள். முள் தைத்த சுறாக்களுள் சிலவற்றைப் பிடித்து, முள்ளை அகற்றி, மீண்டும் அதே கடலில் விட்டிருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.