சாமுராய்னா சாகறதா? ஜீரோவ நேருக்கு நேர் கொண்டுபோய் முட்டாதீங்க!

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன். ரெண்டாம் உலகப்போர் ஜப்பான் சண்டை விமானம் ஜீரோவ சிமுலேட்டர் கேம்ல ஓட்டறது பத்திப் போன வீடியோ போட்டேன்ல, அதுக்குக் கீழ வரிசையா ஒரே டயலாக். "சாமுராய் பின்வாங்க மாட்டான் ப்ரோ, நேருக்கு நேர் போங்க." சொன்னதோட நிக்காம நாலு பேர் ரீப்ளேயும் அனுப்பிருக்கீங்க. நாலுலயும் எரிஞ்சது ஜீரோதான்.

எரியாம என்ன செய்யும்? எதிர்ல வர்ற அமெரிக்கச் சண்டை விமானம் எஃப்4எஃப்-4 வைல்ட்கேட்ல 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி ஆறு. ஏ6எம்2 ஜீரோல 20 மில்லிமீட்டர் பீரங்கி ரெண்டு, அதுலேர்ந்து குண்டு கிளம்பற வேகமே நொடிக்கு 600 மீட்டர்தான். அவனோடது 800-க்கு மேல. பைலட்டுக்குக் கவசம் இல்ல, ஓட்டை விழுந்தா தானா அடைச்சுக்கற டேங்கும் இல்ல. இத வச்சுக்கிட்டு முகத்துக்கு முகம் போறதுக்குப் பேர் வீரம் இல்ல, தீக்குச்சி.

சரி, சாமுராய்னு ஆரம்பிச்சது நீங்க, நான் ஜப்பானோட பேர் போன வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியக் கூப்பிடறேன். 13 வயசுலேர்ந்து 29 வரைக்கும் 60-க்கு மேல சண்டை, ஒண்ணுலயும் தோக்கலன்னு அவரே எழுதி வச்சிருக்கார். 1643-ல குமாமோட்டோ பக்கத்துல ஒரு குகைல உக்காந்து 'கோரின் நோ ஷோ'ன்னு வாள் சண்டை பத்தின புத்தகம் எழுத ஆரம்பிச்சார், 1645-ல காலமானார். செத்துக் காட்டுன ஆளு இல்ல, 60 தடவையும் திரும்பி வந்த ஆளு. அவர்கிட்டேர்ந்து நம்ம சிமுலேட்டருக்கு அப்படியே ஒட்டற விஷயம் மூணு இருக்கு.

முதல்ல கண்ணு. 'கான்', 'கென்'னு ரெண்டு பார்வை சொல்றார். கென்னா ஒண்ணையே உத்துப் பாக்கறது, அது சின்னதா இருக்கணும். கான்னா மொத்தத்தையும் உள்வாங்கறது, அது பெருசா இருக்கணும். குறிவட்டத்துல ஒருத்தன் சிக்கினதும் அவன் வாலையே பாத்துக்கிட்டு போறோம்ல, அதான் கென். பின்னாடி அவன் ஜோடி வந்து நிக்கறது தெரியவே தெரியாது.

இதுக்குத் தலையத் திருப்பினா திரையும் திரும்பணும். ஹெட் டிராக்கிங். கடைல கேக்கற விலைக்கு ஒரு நல்ல ஜாய்ஸ்டிக்கே வாங்கிடலாம், எனக்கு மனசே வரல. நாமளே பண்ணலாம். தலைல மாட்டிக்க 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி மூணு, தொடரா இணைக்கணும், யூஎஸ்பி 5 வோல்ட். ஒவ்வொண்ணும் 1.4 வோல்ட் எடுத்தா 4.2, மீதி 0.8. அதுக்கு 18 ஓம் ரெசிஸ்டர் போட்டா சுமார் 44 மில்லியாம்ப் ஓடும், போதும். ரெசிஸ்டர் இல்லாம நேரா குடுத்தீங்கன்னா எல்இடி போயிடும். நீளக் கால் பிளஸ், மூணுல ஒண்ணு திரும்பி இருந்தாலும் மூணுமே எரியாது. எரியுதான்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலான போன்ல முன் கேமரால பாத்தா தெரியும்.

அப்புறம் அந்த மூணு புள்ளியப் பாக்கறதுக்குப் பழைய வெப்கேம். லென்ஸுக்குப் பின்னாடி சின்னக் கண்ணாடித் துண்டு ஒண்ணு லேசா பளபளக்கும், அதான் அகச்சிவப்பத் தடுக்கறது, அத எடுத்துடணும். எடுத்ததும் ஃபோகஸ் போயிடும், லென்ஸத் திருகிச் சரி பண்ணுங்க. முன்னாடி பழைய ஃபிளாப்பிக்குள்ள இருக்கற கறுப்புத் தட்ட வெட்டி ரெண்டு மடிப்பா ஒட்டினா ரூம் வெளிச்சம் வராது. புள்ளி அசையறத வச்சுத் திரையத் திருப்பற மென்பொருள் ஓபன்டிராக், இலவசம். எக்ஸ்போஷரக் குறைங்க, மூணு புள்ளி மட்டும் தெரியணும். தலை இவ்ளோ திரும்பினா திரை எவ்ளோ திரும்பணும்னு அதுல ஒரு வளைவு இருக்கும், அதுல முதல் 3, 4 டிகிரி கிட்டத்தட்ட தட்டையா வைங்க, இல்லன்னா குறி பாக்கும்போது திரை நடுங்கும். 30 டிகிரி தலை திரும்பினா உள்ள 150 வரைக்கும் போகட்டும், கண்ணு திரையிலயே இருக்கும்ல. இதெல்லாம் கட்ட மனசில்லாதவங்க ஓபன்டிராக்லயே நியூரல்நெட்னு இருக்கு, சாதா வெப்கேம் போதும், முகத்துல மட்டும் வெளிச்சம் நல்லா விழணும்.

எல்இடிக்கே இவ்ளோ நேரம் பேசிட்டேனா... சரி, ரெண்டாவது. தலையணைய அமுக்கறதுன்னு அந்தப் புத்தகத்தோட அக்கினிச் சுருள்ங்கற பகுதில வருது. எதிராளி வெட்டறதுக்கு முன்னாடி, வெட்டணும்ங்கற நினைப்போட முதல் எழுத்துலயே அமுக்கு. வைல்ட்கேட் மேலேர்ந்து பாய்வான், அதான் அவனுக்குத் தெரிஞ்ச வேலை. பாயறதுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு றெக்கையச் சாய்ப்பான். அந்தச் சாய்வுதான் முதல் எழுத்து. அந்த நொடியே அவனுக்கு நேர் அடில போற மாதிரி திரும்புங்க. அவன் பாய்ச்சல் செங்குத்தாகும், வேகம் ஏறும், குறி கிடைக்காது, கடந்து போயிடுவான். பின்னாடியே குதிக்காதீங்க! ஜீரோவுக்கு 370 கிலோமீட்டர் வேகம் தாண்டினா எய்லரான், அதான் விமானத்த உருட்டற றெக்கை மடல், கல்லு மாதிரி ஆயிடும், அதுலயும் வலது பக்கம் உருளறது இன்னும் மோசம்.

இது சும்மா சொல்றதில்ல. 1942 ஜூன்ல அலாஸ்காவோட அகுடான் தீவுல விழுந்த ஜீரோவ அமெரிக்காக்காரங்க சரி பண்ணி சான் டியேகோல பறக்கவிட்டுக் கண்டுபிடிச்சது. மூக்க வெடுக்குனு கீழ தள்ளினா எஞ்சின் இருமும்ங்கறதும் அப்பதான் தெரிஞ்சுது, எஞ்சினுக்கு எரிபொருள் குடுக்கறது மிதவை கார்புரேட்டர்ங்கறதால. அதனால கீழ போகணும்னா தலைகீழாப் புரட்டி இழுங்க, தள்ளாதீங்க.

இரு, பீரங்கியச் சொல்லாமலே போறேன். ஏ6எம்2-ல ஒரு பீரங்கிக்கு 60 குண்டுதான், தொடர்ந்து அமுக்கினா ஏழு நொடில காலி. அதுலயே இருக்கற 7.7 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு ஒரு பட்டன், பீரங்கிக்கு வேற பட்டன் வைங்க. ரெண்டோட குண்டும் ஒரே மாதிரி விழாது, 7.7 படற இடத்துல 20 படாது. 200 மீட்டருக்குள்ள போனா மட்டும் பீரங்கி, அதுவும் ஒரு நொடி. ஐஎல்-2 1946 கேம்ல குண்டுங்க ஒண்ணு சேர்ற தூரத்தத் தனித்தனியா மாத்தலாம், ரெண்டையும் 200-ல வைங்க.

மூணாவது முசாஷிக்கு மட்டும் சொந்தமில்ல, எல்லா வாள் பள்ளிலயும் உண்டு. ஸான்ஷின். வெட்டின பிறகும் விழிப்பு கலையாம நிக்கறது. நீங்க அனுப்புற ரீப்ளேல பாதிப் பேர் சுட்ட விமானம் எரியறத வேடிக்கை பாத்துக்கிட்டே செத்துருக்கீங்க. சுட்டதும் உருளு, பின்னாடி பாரு, மேல பாரு, அப்புறம்தான் வேகமானி. இதே வரிசை. 'வீழ்த்தினாய்'னு வர்ற செய்திய செட்டிங்ல அணைச்சுடுங்க, எனக்கு அதப் பாத்தாலே பிடிக்காது.

பழகறதுக்கு: ஜீரோ 3000 மீட்டர்ல, வைல்ட்கேட் ஒண்ணு 4000-ல. பத்து நிமிஷம் சுடவே கூடாது, சாய்வ மட்டும் பிடிங்க.

ஆங், எல்இடில ஒண்ணு விட்டுட்டேன். தலைய முழுசாத் திருப்பினா புள்ளி மறையுதுன்னா அது குறுகின கோண எல்இடி. உச்சில இருக்கற குமிழ மணல்தாள்ல தேய்ச்சுத் தட்டையாக்குங்க, வெளிச்சம் அகலமாப் பரவும். உள்ள இருக்கற கம்பி தெரியற வரைக்கும் தேய்க்காதீங்க.